கிரேப் காகிதமும் வட்டக் குடையும்: பழைய லாக்புக்கைத் திறந்தபோது

என் பழைய ஸ்கைடைவிங் லாக்புக்குகளை ஒவ்வொரு பக்கமாகக் கணினியில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. 1967-ல் தொடங்கும் முதல் புத்தகம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு குதிப்புக்கும் தேதி, உயரம், விமானம், எத்தனை வினாடி ஃப்ரீஃபால் (பாராசூட் திறக்கும் முன் விழும் நேரம்), இலக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் இறங்கினேன், கடைசியாகப் பயிற்சியாளரின் குறிப்பும் கையெழுத்தும். வாசித்துக்கொண்டே போனபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆரம்பப் பக்கங்களில் உடலை எப்படி வைத்தேன், பாராசூட்டைத் திறக்கும் ரிப்கார்டை எப்போது இழுத்தேன் என்றே குறிப்புகள் ஓடுகின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் எல்லாக் குறிப்பும் காற்றைப் பற்றியும் ‘ஸ்பாட்’ பற்றியும்தான். ஸ்பாட் என்றால் விமானத்தை விட்டு வெளியேற வேண்டிய புள்ளி, அதைக் கண்டுபிடிப்பது ஸ்பாட்டிங். அந்தக் காலத்து ஸ்கைடைவிங்கின் உயிரே ஸ்பாட்டிங்தான் என்று நான் நினைக்கிறேன். அதனால் இந்தப் பதிவில் அதற்கே அதிக இடம்.

நான் கற்றுக்கொண்டது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆரஞ்சு என்ற சிற்றூரில். பாஸ்டனிலிருந்து இரண்டாம் எண் சாலையைப் பிடித்து மேற்கே சுமார் 70 மைல். ஜாக் இஸ்டெல் என்பவரும் கூட்டாளிகளும் 1959-ல் அங்கே ஒரு மையத்தைத் திறந்தார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் பணம் கட்டிப் பாராசூட் விளையாட்டைக் கற்றுக்கொள்ள முடிந்த முதல் வணிக மையம் அதுதான். இஸ்டெல் பாரிஸில் பிறந்தவர். ஃப்ரீஃபாலில் உருளாமல் நிலையாக விழும் கலையை 1950-களின் நடுவில் பிரான்ஸில் கற்று இங்கே கொண்டுவந்தார். அந்தக் கலைக்கு வழி போட்டவர் லியோ வாலந்தேன் என்ற பிரெஞ்சுக்காரர். முதுகை வில்லாக வளைத்து, இடுப்பை முன்னே தள்ளி, கைகால்களை விரித்தால் உடல் தானாகவே வயிறு கீழாக நிலைகொள்ளும் என்று அவர் விழுந்து விழுந்தே கண்டுபிடித்தார். இன்றைக்கு உலகம் முழுவதும் முதல் நாளே சொல்லித்தரும் ‘ஆர்ச்’ அதுதான். நான் போனபோது 1962 உலகப் போட்டி ஆரஞ்சில் நடந்த கதையைப் பழைய ஆட்கள் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அப்போது பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் கிடையாது. அது வந்தது 1980-களில். முதல் தடவையே தனியாகத்தான் குதிக்க வேண்டும். காலையில் பாடம், அப்புறம் மேடையிலிருந்து மணலில் குதித்து உருண்டு பழகுவது. முன்பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கவாட்டு என்று ஐந்து இடங்களில் அடியைப் பகிர்ந்துகொண்டு விழ வேண்டும். காற்று ஒத்துழைத்தால் அன்று மாலையே விமானம்.

முதுகில் இருந்த பாராசூட் ராணுவம் கழித்துப்போட்ட சரக்கு. 28 அடி விட்டம் கொண்ட நைலான் குடை, போர் விமானிகளுக்காகச் செய்தது. அதன் பின்பக்கத் துணியில் சில பட்டைகளை வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஓட்டை வழியாகக் காற்று பின்னால் பீறிடுவதால் குடை கொஞ்சம் முன்னால் நகரும், கயிற்றை இழுத்தால் திரும்பவும் செய்யும். அவ்வளவுதான் ஸ்டியரிங். காற்றின் வேகம் குடையின் வேகத்தைத் தாண்டிவிட்டால், காற்றுக்கு முகம் கொடுத்து நின்றாலும் பின்பக்கமாகவே போய் இறங்குவோம். ரிசர்வ், அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட், வயிற்றின் மேல் இருக்கும். அதன் மேலேயே உயரமானியும் ஸ்டாப்வாட்ச்சும். காலில் தடித்த ரப்பர் அடிப்பாகம் வைத்த பிரெஞ்சு பூட்ஸ். பூட்ஸ் வாங்கப் பணம் சேர்ப்பதே பெரிய வேலையாக இருந்தது.

முதல் சில குதிப்புகள் ஸ்டாடிக் லைனில். விமானத்தில் கட்டிய பட்டை தானே பாராசூட்டைத் திறந்துவிடும். அடுத்த கட்டத்தில் போலி ரிப்கார்டு: பட்டைதான் திறக்கும், ஆனாலும் நாம் ஆர்ச் குலையாமல் பிடியை இழுத்துக்காட்ட வேண்டும். ‘ஒன் தவுசண்ட், டூ தவுசண்ட்’ என்று வாய்விட்டு எண்ண வேண்டும், எங்களைக் குதிக்க வைக்கும் ஜம்ப்மாஸ்டர் வாசலில் இருந்து கவனிப்பார். இது சரியாக வந்தபிறகுதான் நிஜ ரிப்கார்டு. ஐந்து வினாடி, பத்து, பதினைந்து, இருபது, முப்பது என்று படிப்படியாக ஏறும். முதல் ஆயிரம் அடி விழ ஏறக்குறைய பத்து வினாடி, அதற்குப்பிறகு ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஐந்தரை வினாடி என்று மனப்பாடம் செய்வோம். மணிக்கு 120 மைல் வேகத்துக்கு வந்தபிறகு வேகம் கூடாது. அப்போதுதான் காற்று ஒரு மெத்தை மாதிரி உடம்பைத் தாங்குவது தெரியும். முப்பது வினாடிக்கு 7,200 அடி உயரம். அந்தக் குறிப்பின் அருகே ஜம்ப்மாஸ்டர் ‘நிலையாக இருந்தான், இனி ஸ்பாட்டிங் சொல்லிக்கொடுக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டாக அதைத்தான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, ஸ்பாட்டிங்.

வட்டக் குடையில் இருப்பவர் பெரும்பாலும் காற்றின் விருந்தாளி. 2,500 அடியில் திறந்தபிறகு நம்மால் செய்ய முடிந்தது சின்னத் திருத்தங்கள் மட்டும்தான். ஆகவே எங்கே இறங்குவோம் என்பது விமானத்தை விட்டு எங்கே வெளியேறுகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடும். ஆரஞ்சைச் சுற்றிப் பைன் மரக் காடு, தெற்கே குவாபின் நீர்த்தேக்கம். தப்பான இடத்தில் வெளியேறினால் மரத்தில் தொங்க வேண்டியதுதான்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒரு காகிதச் சுருள். பத்து அங்குல அகலம், இருபது அடி நீளம் கொண்ட கிரேப் காகிதம், மஞ்சள் அல்லது சிவப்பு. ஒரு முனையில் சின்ன உலோகக் கம்பியைச் சுற்றி ஒட்டியிருக்கும். அந்த எடை வட்டக் குடையில் ஆள் இறங்கும் அதே வேகத்தில் காகிதமும் இறங்குகிற மாதிரி கணக்குப் போட்டு வைத்தது. விமானம் 2,200 அடியில் இலக்குக்கு நேர் மேலே வரும்போது சுருளைப் பிரித்து வாசலுக்கு வெளியே விடுவோம். அது நெளிந்து நெளிந்து இறங்க, எங்கள் சின்ன செஸ்னா விமானம் அதைச் சுற்றி வட்டமடிக்கும். கண்ணை எடுக்கக் கூடாது. பச்சைக் காட்டின் மேல் மஞ்சள் கோடு ஒரு நொடி காணாமல் போனால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம். விமானத்தில் இருக்கும் எல்லாரும் ஒரே ஜன்னல் பக்கம் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

காகிதம் தரையைத் தொட்டதும் கணக்கு ரொம்ப எளிது. இலக்கிலிருந்து காகிதம் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போய் விழுந்ததோ, அதே தூரம் நேர் எதிர்த் திசையில் பாராசூட் திறக்க வேண்டும். மணிக்கு 10 மைல் காற்று என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 15 அடி. 2,200 அடி இறங்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் 1,800 அடி தள்ளிவிடும், அதாவது ஒரு மைலில் மூன்றில் ஒரு பங்கு. மேலே ஏறியபிறகு விமானம் காற்றை எதிர்த்து வரும். முதலில் காகிதத்தின் மேல், அப்புறம் இலக்கின் மேல். இரண்டுக்கும் நடுவே எத்தனை வினாடி என்று எண்ணி, இலக்கைத் தாண்டி அதே எண்ணிக்கை ஆனதும் வெளியேறுவது.

சொல்லும்போது சுலபம்தான். செய்வது கதவில்லாத வாசலில் மண்டியிட்டு, தலையைக் காற்றுக்குள் நீட்டிக்கொண்டு. கண்ணீர் வழியும், கன்னம் படபடக்கும். நேர் கீழே எது என்பதுதான் கடினமான பாடம். விமானம் லேசாகச் சாய்ந்திருந்தாலும் ‘கீழே’ என்று நமக்குத் தோன்றும் இடம் நூற்றுக்கணக்கான அடி தள்ளிப்போயிருக்கும். அதனால் முதலில் முன்னால் அடிவானம், பிறகு பக்கவாட்டில் அடிவானம், இரண்டையும் பார்த்துச் செங்குத்துக் கோட்டை மனத்தில் பிடித்துக்கொண்டே குனிய வேண்டும். பிறகு விமானியிடம் கத்த வேண்டும்: ‘ஃபைவ் ரைட்!’ அவர் இறக்கையைச் சாய்க்காமல் சுக்கான் மிதியால் மட்டும் ஐந்து டிகிரி திருப்புவார். சரியான புள்ளி வரும்போது ‘கட்!’ என்ஜின் சத்தம் சட்டென்று தணியும். சக்கரத்தின் மேல் இருக்கும் படியில் கால் வைத்து, இறக்கைத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு வெளியே. நல்ல ஸ்பாட் கொடுத்தவருக்கு அன்று மாலை தனி மரியாதை. கடைசி ஆள்வரை மணல் பக்கம் இறங்கினால் தரையில் இருந்தவர்களே கை தட்டுவார்கள்.

நான் பயிற்சியில் இருந்த அதே 1967-ல், ஆகஸ்ட் 27 அன்று, ஓஹையோவில் நடந்தது எல்லா டிராப் ஸோன்களையும் (பாராசூட்டில் குதித்து இறங்கும் மைதானங்களையும்) உலுக்கியது. ஒரு பழைய பி-25 குண்டுவீச்சு விமானத்திலிருந்து 20,000 அடி உயரத்தில் பதினெட்டுப் பேர் மேகத்துக்கு மேலே குதித்தார்கள். தரை தெரியவில்லை. ரேடாரில் இருந்தவர் வேறொரு விமானத்தை இவர்களுடையது என்று எண்ணி இடம் சொல்லியிருந்தார். மேகத்தைக் கிழித்து வெளியே வந்தபோது கீழே ஈரி ஏரி. பதினாறு பேர் மூழ்கி இறந்தார்கள். கட்டுப்பாட்டு அலுவலரின் தவறுக்கு அரசே பொறுப்பு என்று பின்னாளில் நீதிமன்றம் சொன்னது. ஆரஞ்சில் அந்த வாரக்கடைசி யாரும் அதிகம் பேசவில்லை. எங்கள் ஜம்ப்மாஸ்டர் எல்லாரையும் உட்காரவைத்து, தரையைத் தன் கண்ணால் பார்க்காமல் எவரும் வெளியேறக் கூடாது என்றார். விதிப் புத்தகத்தில் அது முன்பே இருந்ததுதான். ஆனால் அன்றிலிருந்துதான் அது எங்கள் உடம்பில் ஏறியது.

பாராசூட் சரியாகத் திறக்காமல் போனதும் உண்டு. ஒருமுறை ஒரு கயிறு குடையின் மேல் விழுந்து, குடை இரண்டு வீக்கமாகப் பிரிந்து சுழல ஆரம்பித்தது. அன்றைய ரிசர்வில் அதை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட் கிடையாது. இடது கையால் ரிசர்வ் பையை அணைத்துக்கொண்டு, பிடியை இழுத்து, துணியைக் கையால் அள்ளி, சுழலும் திசையில் கீழ்நோக்கி வீச வேண்டும். வீசினேன். துணி என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு போய்க் காற்றைப் பிடித்தது இன்றும் கையில் தெரிகிறது.

1964-ல் பயனியர் நிறுவனம் பாரா-கமாண்டர் என்ற குடையைக் கொண்டுவந்திருந்தது. பியர் லமுவான் என்ற பிரெஞ்சுக்காரரின் வடிவமைப்பிலிருந்து பிறந்தது. நடு உச்சியை உள்ளே இழுத்து, சுற்றிலும் ஏராளமான பிளவுகள் வைத்துத் தைத்தது. என் கைக்கு அது வர 1970 ஆகிவிட்டது. இலக்கை நோக்கி ஓட்டிக்கொண்டு போகலாம், நின்றபடியே இறங்கலாம். பொடிக்கூழாங்கல் குழியின் நடுவில் இருக்கும் 10 செ.மீ. வட்டை குதிகாலால் மிதிப்பதற்காக வாரக்கடைசி முழுக்கச் செலவழித்தோம். ஆனாலும் காற்றைப் படிக்காமல் வட்டை மிதித்தவர் யாரும் கிடையாது.

வானத்தில் கைகோத்து வட்டம் அமைப்பது கலிஃபோர்னியாவில்தான் வேகமாக வளர்ந்தது. 1965-ல் அங்கே எட்டுப் பேர் சேர்ந்த ஸ்டார் கூடியது, 1967-ல் பத்துப் பேர். நாங்கள் பழைய ட்வின் பீச் விமானத்தில் அதைப் பழகினோம். மகிழ்ச்சியான நாட்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.

எழுபதுகளில் எல்லாம் மாறியது. டாமினா ஜால்பர்ட் 1960-களில் கண்டுபிடித்த, காற்றறைகள் நிரம்பி இறக்கையாகும் சதுரப் பாராசூட் விளையாட்டுக்கு வந்தது. பழுதான குடையைச் சட்டென்று கழற்றிவிடும் பில் பூத்தின் மூன்று வளைய விடுவிப்பு வந்தது. ரிசர்வ் முதுகுக்குப் போனது. 1991-ல் ஜெர்மனியிலிருந்து சைப்ரஸ், மயங்கிவிட்டாலும் தானே ரிசர்வைத் திறக்கும் கருவி. இவை எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதை என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய காலமே மேல் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் சதுரப் பாராசூட் காற்றை எதிர்த்தே பறக்கும் என்பதால் ஸ்பாட் கொஞ்சம் தள்ளிப்போனாலும் திரும்பி வந்துவிடலாம். பிறகு ஜிபிஎஸ் வந்தது, பச்சை விளக்கு எரிந்தால் குதிப்பது வழக்கமானது. வாசலில் தலையை நீட்டிப் பார்க்கும் பழக்கம் குறைந்துவிட்டது. அதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் இந்தக் கோடையில் ஒன்று செய்து பார்த்தேன். நான் இப்போது குதிப்பதில்லை, முழங்கால் அனுமதிப்பதில்லை. ஆனால் பக்கத்து டிராப் ஸோனில் சில இளைஞர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். கிரேப் காகிதம் வாங்கி, கம்பியின் எடையை மாற்றி மாற்றிப் பார்த்தோம். 2,200 அடியிலிருந்து தரை சேர இரண்டு நிமிடம் ஆகும்வரை திருத்தினோம். டிராப் ஸோன் உரிமையாளரிடம் கேட்டு, மற்றவர்கள் யாரும் மேலே இல்லாத காலை நேரத்தில் செஸ்னா 182-லிருந்து விட்டோம். விழுந்ததை எல்லாம் தேடிப் பொறுக்கிக்கொண்டோம். காகிதத்தை மட்டும் வைத்து வெளியேறும் புள்ளியை அவர்களே குறித்தார்கள், பிறகு ஜிபிஎஸ் திரையோடு ஒப்பிட்டோம். முதலில் பெரிய வித்தியாசம். செங்குத்தைப் பிடிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்த பிறகு நன்றாகவே நெருங்கிவிட்டார்கள். ஒரு பெண், வாசலிலிருந்து பார்த்தபோது கீழே வேறொரு விமானம் குறுக்கே போவதைக் கண்டு ‘நோ ஜம்ப்’ என்று கையசைத்துச் சுற்று அடிக்க வைத்தாள். திரையில் அது தெரியவில்லை.

அடுத்ததாக, ஒரு நண்பரிடம் இருக்கும் பாரா-கமாண்டரை, பாராசூட்டைச் சோதித்து மடித்துத் தரும் ரிக்கரிடம் கொடுத்து முழுச் சோதனை செய்யப் போகிறோம். துணியும் கயிறுகளும் தேறினால், அந்தப் பெண்தான் முதலில் அதில் இறங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதற்குள் அவளுக்கு உருண்டு விழும் பயிற்சி முடிய வேண்டும். மணல் தயாராக இருக்கிறது.