குளத்துக்குக் கீழே இருப்பவர்கள்

கொழும்பில் நீர்ப்பொறியியல் ஆலோசனை செய்யும் ஒரு சிறிய அலுவலகத்துக்குத் தனியார் அணை தொடர்பான வேலை, அச்சத்தால் வருவதைவிட வங்கிக் கடனால் வருவதே அதிகம். தோட்டத்தை ஈடுவைத்துக் கடன் கேட்பவரிடம், காணிக்குள் இருக்கும் குளத்தைப் பற்றிப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையை வங்கி கேட்கும். அவர் எங்களைத் தேடி வருவார். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர், சிலாபத்துக்கு உள்ளே தமக்கிருந்த தென்னந்தோட்டத்தின் குளத்தைப் பார்க்கச் சொன்னதும் அப்படித்தான். "தம்பி, அது சின்னக் கட்டு. அப்பா காலத்திலிருந்து அசையாமல் நிற்குது. ஒரு கடிதம் தந்தால் போதும்" என்றார்.

சின்னக் கட்டு என்பது உண்மைதான். ஓடையொன்றின் குறுக்கே போடப்பட்ட ஏறத்தாழ 20 அடி உயர மண்கட்டு, நிரம்பினால் 6 ஏக்கர் நீர்ப்பரப்பு, ஒரு ஓரத்தில் மிகை நீர் வழிந்து வெளியேறும் வான், கட்டுக்கு அடியால் போய் நீரைத் திறந்துவிடும் இரும்புக் குழாய்த் துருசு. 15 மீற்றருக்குக் குறைந்த அணைகளைச் சர்வதேசப் பேரணைகள் ஆணையம் பொதுவாகப் பேரணையாகக் கணக்கெடுப்பதில்லை. நம் நாட்டிலும் பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களமும் மகாவலி அதிகாரசபையும் பார்க்கின்றன. 80 ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்துக்கு நீர் கொடுக்கும் கிராமக் குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. வேலிக்குள் இருக்கும் தனியார் குளத்தை நடைமுறையில் பார்ப்பவர் அதன் காவலாளி ஒருவரே.

அணை உடைப்பு என்றால் எங்கள் துறையில் எல்லோரும் கந்தளாயைத்தான் சொல்வார்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால், பெரியவரிடம் நான் சொன்னவை வேறு இரண்டு. அமெரிக்காவின் ஹவாயில், 1890ஆம் ஆண்டளவில் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் தனியாரிடம் இருந்த கா லோகோ என்ற மண்ணணை, நீண்ட மழைக்குப் பிறகு 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேரைக் கொண்டுபோனது. அதன் வான் மண் போட்டு மூடப்பட்டிருந்ததா என்பதே விசாரணையின் மையக் கேள்வியாயிற்று. கென்யாவின் சொலாய் பகுதியில், தனியார் பண்ணை ஒன்றின் பாசன அணை 2018 மே 9 அன்று உடைந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கந்தளாய் உட்பட மூன்றும் நிகழ்ந்தது இருட்டில் என்பதை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். எச்சரிக்கை ஏற்பாடு என்று எதையாவது எழுதும்போது, அது ஆட்கள் உறங்கும் வேளையில் நடக்குமா என்று கேட்டுப் பார்ப்பது அதனால் வந்த பழக்கம்.

தோட்டத்துக்குப் போனபோது காவலாளி என்னை நேரே வானுக்குத்தான் கூட்டிச் சென்றார். உடப்பைச் சேர்ந்தவர், பல ஆண்டுகளாக அங்கே இருப்பவர். வானின் விளிம்பில் ஒரு அடி உயரத்துக்கு மண்மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. அதற்கு மேலே திலாப்பியா வெளியே போகாமல் இருக்க வலை கட்டப்பட்டிருந்தது. வலையில் சல்வீனியா என்ற நீர்க்களையும் தென்னோலையும் சிக்கி, அது ஏறக்குறைய ஒரு சுவராகவே மாறியிருந்தது. மூட்டைகளை வைக்கச் சொன்னவர் பெரியவர். வலை காவலாளியின் சொந்த ஏற்பாடு.

மூட்டை அடுக்கியதைப் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 6 ஏக்கரில் ஒரு அடி நீர் என்பது ஏறத்தாழ 7,400 கனமீற்றர். மாசி, பங்குனியில் குரும்பை உதிரும் தோட்டக்காரருக்கு அதன் பெறுமதி தெரியும். ஆனால் வானின் கணக்கு வேறு விதமானது. விளிம்புக்கு மேலே 2 அடி நீர் பாயலாம் என்று வைத்து அமைத்த வானில் ஒரு அடியை மூட்டைக்குக் கொடுத்துவிட்டால், வெளியேறும் நீர் பாதியாகக் குறையும் என்றுதான் எவரும் நினைப்பார். அது பாதியல்ல, 35 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. ஏனெனில் வான் கடத்தும் நீரின் அளவு, விளிம்புக்கு மேலுள்ள உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப மாறுவது. மிச்ச நீர் குளத்திலேயே ஏறும். ஏறி, கட்டின் முகட்டில் எங்கே உழவு இயந்திரம் போய்ப் பள்ளம் விழுந்திருக்கிறதோ அங்கே வழியும். கொங்கிரீட் அணைக்கு மேலால் நீர் வழிந்தால் அது தாங்கக்கூடும். மண்கட்டு வெளிச்சரிவிலிருந்து அரிபட்டு, சில மணித்தியாலங்களுக்குள்ளேயே அறுந்துபோகலாம். கூடுதல் நீர் வேண்டுமானால் கட்டை உயர்த்தி வானையும் அகலப்படுத்த வேண்டும். அதற்கான செலவு மூட்டைகளில் தெரிவதில்லை.

கட்டின் மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வெளிச்சரிவில் புற்றுகள் இருந்தன. தானாக முளைத்த மரங்கள் இருந்தன; வெட்டினால் வேர் உக்கி உள்ளே வழி விடும், விட்டால் காற்றில் சாய்ந்து மண்ணைப் பெயர்க்கும் என்பதால், அவற்றைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்கியிருக்க வேண்டும். துருசுக் குழாய் வெளியே வரும் இடத்தில் எப்போதும் ஈரம். "சேர், இது நான் வந்த நாளிலிருந்து இப்படித்தான்" என்றார் காவலாளி. எல்லா மண்கட்டும் கொஞ்சம் கசியும்; கசிவின் அளவு கூடுகிறதா, நீர் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறதா என்பவையே கேள்வி. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நீர் தனக்கென்று ஒரு பாதையை அரித்துக்கொள்வது சிறு அணைகளில் அடிக்கடி காணப்படும் கேடு. கருவி வாங்கும்படி நான் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை அந்தக் கசிவு நீரைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு இரவு வைத்துவிட்டு, அடியில் மண்டி படிகிறதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதச் சொன்னேன். அவருக்கு அது உடனே விளங்கியது. எனக்குப் பழக்கமான சில பொறியியலாளர்களைவிடக் குளத்தை அவர் நன்றாகவே கவனித்திருந்தார். எழுதிவைக்கும்படி அவரிடம் எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஓடை வழியே கீழே நடந்தேன். நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குல வரைபடத்தில் அந்த இடம் வயலும் தென்னையும். செய்மதிப் படத்தில் அது கூரைகள். பக்கத்துத் தோட்டத்தின் உரிமையாளர்கள் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து, கொழும்புப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு, பேர்ச் கணக்கில் விற்றிருந்தார்கள். ஓடையின் கரையிலேயே வீடுகள் எழும்பியிருந்தன. புதிய வீதி ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரேயொரு ஹியூம் குழாய், அதாவது கொங்கிரீட் குழாய். பெருவெள்ளத்தில் அந்த வீதியே இரண்டாவது அணையாகி, முதலில் வீடுகளுக்குள் நீரைத் தேக்கும், பிறகு தானும் உடையும். காணி வாங்கியவர்களின் சட்டத்தரணிகள் உறுதிகளைப் பல பத்தாண்டுகள் பின்னோக்கிப் பார்த்திருப்பார்கள். ஓடையில் அரைக் கிலோமீற்றர் மேலே எவரும் நடந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பழைய குளங்களைக் கட்டியவர்கள் இதை வேறு விதமாகக் கையாண்டிருந்தார்கள். 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் விவசாய மரபுரிமையாக அங்கீகரித்த உலர்வலயத் தொடர்குள முறையில், கட்டுக்கும் வயலுக்கும் இடையில் கட்டக்கடுவ என்று சிங்களத்தில் சொல்லப்படும் மரச்செறிவான ஒரு துண்டு நிலம் விடப்பட்டிருக்கும். கசிவு நீரின் உப்பை வடிப்பதற்கு என்றுதான் அதை விளக்குவார்கள். கட்டின் அடியில் எவரும் குடியேறாதபடி அது இடம் பிடித்து வைத்திருந்ததும் சிறிய பயனல்ல என்பது என் எண்ணம். தென்னந்தோட்டத்துக் குளங்களில் அப்படி ஒன்றும் இல்லை, வேலியே எல்லை.

ஒரு அணையின் ஆபத்துத் தரம் அதன் உயரத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, உடைந்தால் யாருக்கு என்ன நேரும் என்பதாலும் தீர்மானிக்கப்படுகிறது. பெரியவரின் கட்டில் ஒரு கூடை மண் கூட மாறாமலே, அது தாழ்ந்த தரத்திலிருந்து உயர்ந்த தரத்துக்குப் போய்விட்டிருந்தது. அறிக்கையில் கட்டைப் பற்றி எழுதியதைவிடக் கீழ்ப்புறத்தைப் பற்றி நான் அதிகம் எழுதினேன். வங்கி அலுவலர் அந்தப் பகுதி தேவையா என்று கேட்டார். பெரியவரின் கேள்வி இன்னும் கடினமானது: "தம்பி, நான் விற்காத காணிக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

இந்தக் கேள்வி பழையது. இங்கிலாந்தில் ஒரு ஆலைக்காரரின் சிறு நீர்த்தேக்கத்திலிருந்து தப்பிய நீர் அயலவரின் சுரங்கத்தை நிரப்பிய வழக்கில், தேக்கிவைத்தவரே பொறுப்பு என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. நமது தீங்கியற் சட்டத்தின் அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம் என்பதால், அந்தத் தீர்ப்பு இங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவருடைய சட்டத்தரணி சொல்லட்டும் என்று விட்டேன். நான் சொன்னது ஒன்றுதான்: "ஐயா, வீடு கட்டியவர்களுக்கு உங்கள் குளம் நிரம்பியிருப்பது தெரியாது. அதைத் தெரிந்திருப்பது நீங்களும் உங்கள் காவலாளியும்தான்." அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் மூட்டைகளை ஐப்பசி மழைக்கு முன்பே எடுக்கச் சொல்லிவிட்டார். வலையும் போயிற்று. அதில் காவலாளிக்கு வருத்தம்.

காவற்குடிலின் சுவரில் இப்போது தொலைபேசி எண்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன: கிராம உத்தியோகத்தர், கீழே இரவிலும் அழைப்பை எடுக்கச் சம்மதித்த இரண்டு குடும்பங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. வீதிக்குக் கீழே இன்னும் இரண்டு குழாய்கள் போடும்படி பிரதேச சபைக்குக் கடிதம் போயிருக்கிறது. குளத்தைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு எழுதும் கடிதத்தை எங்கள் அலுவலகத்தின் பெயரில் அனுப்பச் சொன்னார் பெரியவர். குளம் அவருடையது என்பதால் நாங்கள் மறுத்தோம்; அவர் ஒரு வாரம் யோசித்து, தமிழிலும் சிங்களத்திலும் தாமே கையெழுத்திட்டு அனுப்பினார். அது கிடைத்த ஒருவர் வத்தளையிலிருந்து எங்களை அழைத்து, தம் காணியைக் காக்க ஓடைக் கரையில் மதில் எழுப்பலாமா என்று கேட்டார். எழுப்பினால் நீர் எதிர்க்கரை வீடுகளின் பக்கம் எவ்வளவு திரும்பும் என்பதை அளந்த பிறகுதான் பதில் சொல்லலாம். அதற்கான அளவீட்டுச் செலவை யார் ஏற்பது என்பதில் இப்போது பேச்சு நடக்கிறது.