பக்கத்து ஊரார் பார்க்கும் கணக்கு

ஏற்காடு மலையடிவாரத்தில் என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த சமூகத் தணிக்கைக் கிராம சபையில் நானும் ஓர் ஓரமாக அமர்ந்திருந்தேன். நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேட்டை எடுத்து, யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்று பெயர் பெயராக வாசித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். தணிக்கைக்கு வருபவர் அதே ஊராட்சியில் குடியிருப்பவராக இருக்கக் கூடாது என்பது 2011ஆம் ஆண்டின் விதி. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் இடையே பல மாதங்களாகப் புகைந்துகொண்டிருந்த கூலித் தகராறு, வேற்றூரிலிருந்து வந்த ஒரு பெண் நிதானமாகப் படித்த சில பக்கங்களால் கேள்வியாகவும் பதிலாகவும் மாறியதை அன்று கண்டேன். உள்ளூர்க்காரர் ஒருவர் படித்திருந்தால், அவர் எந்தத் தெரு என்பதுதான் முதல் கேள்வியாக எழுந்திருக்கும்.

இதே வழக்கத்தை நாடுகளுக்கிடையே ஏற்படுத்த முயன்றது ஆப்பிரிக்கா. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் அபுஜா நகரில் கையெழுத்தான உடன்பாட்டின் வழியே, ஒரு நாட்டின் ஆட்சிமுறையைச் சக நாடுகள் மதிப்பாய்வு செய்யும் அமைப்பு (African Peer Review Mechanism) உருவானது. இதில் சேர எந்த நாட்டையும் கட்டாயப்படுத்துவதில்லை. சேர்ந்த நாடு, அரசியல், பொருளாதார மேலாண்மை, நிறுவனங்களின் நிர்வாகம், சமூக வளர்ச்சி ஆகிய துறைகளில் முதலில் தன்னைத்தானே ஆராய்கிறது. பின்னர் வெளியிலிருந்து ஒரு குழு வந்து பல தரப்பு மக்களிடமும் கேட்டு அறிக்கை எழுதுகிறது. இறுதியில் அந்நாட்டுத் தலைவர் மற்ற நாட்டுத் தலைவர்களின் அவையில் அமர்ந்து பதில் சொல்கிறார். இன்று கேட்பவர் நாளை பதில் சொல்ல வேண்டியவர் என்பதே இதன் உயிர்நாடி. காலனி ஆட்சியை அனுபவித்த மண்ணில், கடன் கொடுக்கும் நாடு சொன்னால் அவமதிப்பாகத் தோன்றும் சொல்லை, அதே வரலாற்றைச் சுமந்த அண்டை நாடு சொன்னால் கேட்க முடியும்.

கென்யாவின் அனுபவம் என்னை நீண்ட நாள் உறங்கவிடவில்லை. மொசாம்பிக் நாட்டின் முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மாஷெல் தலைமையில் நடந்த மதிப்பாய்வு, 2006ஆம் ஆண்டிலேயே, இனப் பிளவு, நிலப் பங்கீட்டின் அநீதி, ஒரே இடத்தில் குவிந்த அதிகாரம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டியது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் நடுவராக இருந்து 2008 பிப்ரவரி 28 அன்று அதிகாரப் பகிர்வு உடன்பாட்டைக் கொண்டுவந்தபோது, பேச்சுவார்த்தையின் நான்காம் பொருளாக மேசைக்கு வந்தவை நிலம், வேலையின்மை, அரசியலமைப்புச் சீர்திருத்தம் முதலியவைதாம். 2010இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 47 மாவட்ட அரசுகளுக்கு அதிகாரம் பிரிந்தது. 2006இலேயே எழுதப்பட்ட எச்சரிக்கையை, இத்தனை உயிர்களைக் கொடுத்த பிறகே செயலாக்கத் தொடங்கினார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் இப்படியே நடந்தது. வெளிநாட்டவர் மீதான வெறுப்பு வளர்வதாக இதே மதிப்பாய்வின் 2007ஆம் ஆண்டு அறிக்கை கூறியதை அந்நாட்டு அரசு ஏற்கவில்லை. 2008 மே மாதத் தாக்குதல்களில் 62 பேர் கொல்லப்பட்டனர்.

இவற்றைக் காட்டி மதிப்பாய்வே பயனற்றது என்போர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இரு அறிக்கைகளும் நோயைச் சரியாகவே கண்டன. எந்தப் பரிந்துரையை யார் எந்த நாளுக்குள் செய்து முடிப்பது, முடிக்காவிட்டால் அண்டை நாடுகள் மீண்டும் எப்போது வந்து கேட்பது என்பதில்தான் பிடி தளர்ந்தது.

மேட்டூர் அணையை வைத்திருக்கும் சேலத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணைக்குப் பின் 1991இல் பெங்களூரில் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டதும், 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததும் இங்குள்ள பல குடும்பங்களின் நினைவில் உள்ளன. அந்த நாட்களில் பெங்களூரில் வேலை செய்த என் தம்பி, ஓசூர் எல்லையை நடந்தே கடந்து வந்தான். 2018இல் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்த பின், இரு மாநில அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீரின் கணக்கைக் குறித்த இடைவெளிகளில் பார்க்கிறார்கள். அது ஆட்சிமுறை மதிப்பாய்வு அன்று. குறையும் மனக்கசப்பும் தீரவுமில்லை. ஆயினும் 2023இல் நீர் குறைந்து பெங்களூரில் கடையடைப்பு நடந்தபோது, 2016ஐப் போல வண்டிகள் எரியவில்லை. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். விடாமல் கூடும் அந்த மேசையும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

கென்ய அறிக்கையில் நான் பெரிதும் விரும்பும் மாற்றம் ஒன்றே. தலைவர்களின் அவையில் வைக்கப்பட்ட அந்தப் பக்கங்கள், கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கு (Rift Valley) வட்டார ஊர்களில், நிலத்துக்காக ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தவர்கள் கூடியிருக்கையில், அயல் நாட்டார் ஒருவரால் சுவாஹிலியில் வரி வரியாக, தேர்தலுக்கு ஓராண்டு முன்பே வாசிக்கப்பட்டிருக்க வேண்டும்.