கூடுதல் ஐபி முகவரி: கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி

வாடகை சர்வருக்குக் கூடுதல் ஐபி முகவரி வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தக் கோப்பில் என்ன எழுத வேண்டும்?" கோப்பு பிறகு. அந்த முகவரிகள் உங்கள் சர்வருக்கு எந்த வழியில் வந்து சேர்கின்றன என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தால் எழுத வேண்டிய வரிகள் தாமே விளங்கிவிடும். தெரியாவிட்டால், இணையத்தில் கிடைக்கும் எந்த உதாரணத்தை ஒட்டினாலும் அது பலிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வழிகள் இரண்டு. முதல் வழியில், சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் ரூட்டர் (வலையமைப்புகளுக்கிடையே தகவலை வழிநடத்தும் கருவி) அந்த முகவரிகள் எல்லாம் தன் வலையமைப்பிலேயே நேரடியாக இருப்பதாகக் கருதுகிறது. வெளியிலிருந்து பாக்கெட் (தகவல் துண்டு) வந்ததும் "இந்த எண் யாரிடம் இருக்கிறது?" என்று, ஐபி எண்ணுக்கு உரிய கருவியைத் தேடும் ஆர்ப் நெறிமுறைப்படி கேட்கிறது. உங்கள் சர்வர், வலைஅட்டையின் அடையாள எண்ணான தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதில் தர வேண்டும். இரண்டாம் வழியில் ரூட்டர் யாரையும் கேட்பதில்லை. இந்தத் தொகுதி முழுவதும் இன்ன சர்வருக்கு என்று அதன் பாதைப் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கும். பாக்கெட் நேராக உங்கள் வாசலுக்கு வந்துவிடும். மாதாந்திரக் கட்டண ரசீதைப் பார்த்து இது எது என்று சொல்லவே முடியாது.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு புடவைக் கடையின் சர்வரைக் கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி பார்த்துக்கொள்கிறார். தீபாவளிக்கு முன் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதங்கள் பெருகும். அந்த அஞ்சலுக்குத் தனி முகவரி வேண்டும் என்று எட்டு முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை வாங்கியிருந்தார். நிறுவனத்திலிருந்து வந்த கடிதத்தில் இரண்டே விவரங்கள்: 203.0.113.16/29, நெட்மாஸ்க் 255.255.255.248 (தொகுதியின் அளவு எட்டு என்பதையே இரண்டும் சொல்கின்றன). கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலின் எண், இல்லை; விளக்கம் இல்லை. கேட்டு எழுதியதற்குப் பொதுவான உதவிப் பக்கம் ஒன்றின் சுட்டி வந்தது. மாதாமாதம் சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) எண்ணி வாங்குகிறவர்கள் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்க வேண்டும். (இங்கே நான் தரும் எண்கள் உண்மையான முகவரிகள் அல்ல. உதாரணங்களுக்கென்றே 2010-இல் தனியாக ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தவை.)

"அக்கா, /29 என்றால் ஐந்துதானே பயன்படும்?" என்று கேட்டார். எட்டில் முதலாவது வலையமைப்பின் எண், கடைசி எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் எண், ஒன்று கேட்வே, மீதி ஐந்து. பாடப்புத்தகக் கணக்கு அதுதான். ஆனால் அது முதல் வழிக்கு உரிய கணக்கு. இரண்டாம் வழியில், பாதை எழுதி அனுப்பப்படும் தொகுதியில் எட்டையும் பயன்படுத்தலாம்.

எது என்று கண்டுபிடிக்க நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சர்வரே சொல்லும். எந்தக் கோப்பையும் தொடாமல், சர்வரில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓடவிட்டு, ஆர்ப், ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) இரண்டை மட்டும் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு கைப்பேசியை வைஃபையிலிருந்து விலக்கி, மொபைல் டேட்டா வழியாகப் புதிய முகவரி ஒன்றுக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்ப வேண்டும். திரையில் "203.0.113.18 யாரிடம்? 203.0.113.17-க்குச் சொல்" என்ற பொருளில் ஆர்ப் கேள்வி ஓடினால் முதல் வழி. கேட்கிறவரின் எண்ணே பெரும்பாலும் உங்கள் கேட்வே. நிறுவனம் எழுத மறந்ததை ரூட்டர் சொல்லிவிட்டது. ஆர்ப் கேள்வி எதுவும் இல்லாமல் பிங் பாக்கெட்டே நேராக வந்து விழுந்தால் இரண்டாம் வழி. இரண்டும் வரவில்லையென்றால் அந்த முகவரி இன்னும் உங்கள் சர்வர் வரைக்கும் வரவில்லை. அப்போது கோப்புகளோடு மல்லுக்கட்டுவதில் பயனே இல்லை, நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும்.

தம்பியின் திரையில் வரிசையாக ஐசிஎம்பி வரிகள் வந்தன. ஆர்ப் ஒன்றுகூட இல்லை. அந்த முகவரி சர்வரில் இன்னும் சேர்க்கப்படாததால் பதில் போகவில்லை, ஆனால் பாக்கெட் வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு நடந்த வேலையில் ஊகம் என்ற பேச்சே இல்லை. எட்டு முகவரிகளும் அவருக்கே. மூன்று முகவரி மிச்சமாவதைப் பெரிதாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக், தன் கடைசித் தொகுதிக்கு வந்துசேர்ந்தது 2011 ஏப்ரல் 15 அன்று. அன்றிலிருந்து பங்கீட்டில்தான் காலம் போகிறது. ஒருவர் வீணாக்கும் முகவரி இன்னொருவருக்கு விலையாக ஏறுகிறது.

அதனால்தான் வேண்டாத காரணத்துக்கு வாங்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பூட்டு அடையாளம் உள்ள இணையத்தளம் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. எந்தத் தளம் வேண்டும் என்று இணைப்பின் தொடக்கத்திலேயே உலாவி சொல்ல உதவும் எஸ்என்ஐ என்ற நீட்டிப்பு 2003-இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியின் உலாவிக்கு அது தெரியாது என்பதால் பல ஆண்டுகள் தயங்கினோம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியதும் அந்தத் தயக்கத்துக்கும் காரணம் போய்விட்டது. இன்று எத்தனை தளங்களையும் ஒரே முகவரியில் வைக்கலாம். தேடுபொறியில் மேலே வரும் என்று சொல்லித் தனி முகவரி விற்கிறவர்களை நம்பாதீர்கள். அஞ்சலுக்கு, தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றிச் சொல்லும் பெயர் சர்வருக்கு, ஒரே இயந்திரத்துக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கு வாங்கினால் அதில் நியாயம் உண்டு.

இனி கோப்பு. முகவரியை முதலில் ஐபி கட்டளையால் தற்காலிகமாகச் சேர்த்துப் பாருங்கள். மறுதொடக்கம் செய்தால் அது மறைந்துவிடும்; தொலைவில் இருக்கும் சர்வரில் அதுவே பாதுகாப்பு. சேர்க்கும்போது, பாதை எழுதி வரும் முகவரியானால், /29 என்று எழுதாமல் ஒவ்வொன்றையும் /32, அதாவது ஒற்றை முகவரி, என்று எழுதுங்கள். /29 என்று எழுதினால், அந்த எட்டு எண்களும் பக்கத்தில் கம்பியில் இருப்பதாக, சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் தன் பாதைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். பிறகு அவற்றில் சிலவற்றை மெய்நிகர் கணினிகளுக்குக் கொடுக்கும்போது அந்த வரி குறுக்கே நிற்கும். இரண்டாவது இயல்புநிலைக் கேட்வே மட்டும் எழுதவே எழுதாதீர்கள். சர்வருக்கு வெளியே போகும் பொதுவழி ஒன்று போதும். புதிய தொகுதிக்கென்று வேறு கேட்வே உண்மையாகவே தேவைப்பட்டால், தனிப் பாதைப் பட்டியலும், இந்த முகவரியிலிருந்து கிளம்பினால் இந்தப் பட்டியல் என்ற விதியும் வேண்டும்.

சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு நிரந்தரமாக எழுதலாம். லினக்ஸ் வகையான உபுண்டுவில் 17.10 பதிப்பிலிருந்து அது நெட்பிளான் என்ற வலையமைப்புக் கருவியின் கோப்பு. சர்வரைத் தொடக்கத்தில் தானாக அமைக்கும் கிளவுட்-இனிட் உருவாக்கிய கோப்பைத் திருத்த வேண்டாம், அது மீண்டும் தன் போக்கில் எழுதிவிடக்கூடும். பெயர் வரிசையில் அதற்குப் பின்னால் வரும்படி தனிக் கோப்பு ஒன்றை வைத்தால், இரண்டிலும் உள்ள முகவரிகளை நெட்பிளான் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். நடைமுறைப்படுத்த "அப்ளை" வேண்டாம், "ட்ரை" கொடுங்கள். 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜூரோங்கில் இருக்கும் இயந்திரத்துக்கு நள்ளிரவில் ஆள் அனுப்ப முடியாதவர்களுக்கு இந்த ஒரு சொல் பெரிய துணை.

முகவரி சேர்ந்த அந்த நொடியில் இன்னொன்று நடக்கிறது, பலர் கவனிப்பதில்லை. எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி அமைத்த நிரல்கள் புதிய முகவரியிலும் உடனே கேட்கத் தொடங்கும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் திறக்கும், தரவுத்தளம் அப்படி அமைந்திருந்தால் அதுவும் திறக்கும். பழைய முகவரியைக் குறிப்பிட்டு எழுதிய தடுப்பு விதிகள் புதியதைக் காக்காது. அஞ்சலுக்கான முகவரியில் அஞ்சல் மட்டுமே கேட்கட்டும். வெளியிலிருந்து, நிரல்கள் கேட்கும் துறைகளை (போர்ட்) சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

மறுநாள் தம்பி அழைத்தார். "அக்கா, பிங் பதில் வருகிறது. கடிதங்கள் மட்டும் இன்னும் பழைய முகவரியிலிருந்துதான் போகின்றன." அது அப்படித்தான் போகும். வருகிற பாக்கெட்டுக்குப் பதில் சொல்லும்போது எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே லினக்ஸ் பேசும். தானாக வெளியே கிளம்பும்போது முதன்மை முகவரியையே எடுத்துக்கொள்ளும். எந்த முகவரியிலிருந்து போக வேண்டும் என்று அஞ்சல் நிரலிடம்தான் சொல்ல வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் நிரலில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அது முடிந்தாலும் பாதிதான். அந்த முகவரியைக் கேட்டால் அஞ்சல் சர்வரின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே முகவரி வர வேண்டும். முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் தலைகீழ்ப் பதிவை எழுதும் உரிமை முகவரியை வைத்திருக்கும் நிறுவனத்திடம் இருப்பதால், அவர்களுடைய பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதை எல்லா அனுப்புநர்களிடமும் எதிர்பார்க்கிறது. உங்கள் பெயரில் எந்த முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய முகவரியைச் சேர்க்கவும் மறக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கைக்கு வந்த முகவரிக்கு முன்பே கெட்ட பெயர் இருக்கிறதா என்று ஸ்பாம்ஹாஸ் போன்ற குப்பை அஞ்சல் தடுப்புப் பட்டியல்களில் தேடுங்கள். முன்பு வைத்திருந்தவர் குப்பை அஞ்சல் அனுப்பியிருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில். வேறு முகவரி கேளுங்கள். வாங்கிய அன்றே கேட்டால் மாற்றித் தருவது எளிது.

மெய்நிகர் கணினிகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் நம்மைப் போன்ற சிறியவர்கள் ஒரே இயந்திரத்தைப் பிரித்துத்தான் பிழைப்பு நடத்துகிறோம். 2020-இல் நாட்டின் மின்பயனீட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கே போனது. புதிய நிலையங்களுக்கான அனுமதி 2019-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2022-இல்தான் நிபந்தனைகளோடு மீண்டும் தொடங்கியது. இயந்திரத்துக்கான இடம் இங்கே மலிவில்லை. ஆகவே உள்ளே மூன்று நான்கு மெய்நிகர் கணினிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடுக்கிறோம். அவற்றைப் பாலம் அமைத்து நேரடியாக வெளி வலையமைப்போடு இணைத்தால், ஒவ்வொன்றின் மேக் முகவரியும் நிறுவனத்தின் சுவிட்சுக்குத் தெரியும். பதிவில் இல்லாத மேக் முகவரியைக் கண்டால் பல நிறுவனங்கள் உங்கள் கம்பி செருகியிருக்கும் சுவிட்ச் துறையையே அடைத்துவிடும். அதோடு முழு இயந்திரமும் இருளில். முகவரிக்கு ஒரு மேக் எண் தரும் நிறுவனமானால் அதைக் கேட்டு வாங்கி, மெய்நிகர் கணினியில் அதையே போட வேண்டும். தராவிட்டால், தாய் இயந்திரத்தையே ரூட்டராக்கி, பாக்கெட்டுகளை உள்ளே கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, உள்ளே /32 பாதைகள் எழுதுவதுதான் சரி. முகவரிகள் முதல் வழியில் வருகின்றன என்றால் மெய்நிகர் கணினிகளுக்காகத் தாய் இயந்திரமே ஆர்ப் பதில் சொல்லும் பிராக்ஸி ஆர்ப்பும் தேவை. இரண்டாம் வழியென்றால் தேவையில்லை. நான் முதலில் கேட்ட கேள்வி இங்கேயும் வந்து நிற்பது இதனால்தான்.

ஐபி முகவரியின் புதிய தலைமுறையான ஐபிவி6-இலும் இதே கதைதான். அங்கே ஆர்ப்புக்குப் பதில் அண்டை தேடும் நெறிமுறை. ஒரு /64 தொகுதி கிடைத்தால் எண்ணிக்கைக் கவலை இல்லை. வருகிற வழியை மட்டும் அதே முறையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகவரியைத் திருப்பிக் கொடுக்கும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் பெயர்ப் பதிவுகளையும் எஸ்பிஎஃப் வரியையும் நீக்குங்கள், பழைய பதிவுகள் உலகெங்கும் காலாவதியாகும் வரை பொறுங்கள், அதன் பிறகு சர்வரிலிருந்து எடுங்கள், கடைசியாக ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள். எஸ்பிஎஃப் வரியை அப்படியே விட்டால், அந்த முகவரியை அடுத்து வாங்குகிறவர் உங்கள் கடையின் பெயரில் கடிதம் அனுப்பலாம். பெறுகிற சர்வர் அதை உண்மையென்றே ஏற்றுக்கொள்ளக்கூடும்.