பென்சிலோடு ஐந்து நாள்

1970களில் ஐரோப்பியத் தன்பாலீர்ப்பாளர் விடுதலை இயக்கங்கள் எல்லை தாண்டி எப்படிக் கைகோத்தன என்று எழுத நினைத்தேன். லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும் என்பது என் கணக்கு. ஐந்து நாள் ஆயிற்று.

முதல் நாள் பதிவுக்கே போய்விட்டது. முகவரிச் சான்று கேட்டார்கள்; என்னிடம் பாஸ்போர்ட் மட்டுமே இருந்தது. பேனாவும் பையும் லாக்கருக்குள் போயின. மேசைக்குப் பென்சில் மட்டும். பெட்டிகளை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டுமாம். அந்த விதியை நான் படித்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிசகு, நாடு நாடாகத் தேடியது. பிரிட்டன் கோப்பு, பிரான்ஸ் கோப்பு என்று கேட்டு வாங்கி, அறிக்கை அறிக்கையாகப் படித்தேன். எல்லாவற்றிலும் புரட்சி முழங்கியது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் கிடைக்கவில்லை. "ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்களேன்" என்றார் மேசைப் பொறுப்பாளர். இரண்டு நாள் முன்பே அவரிடம் வாய் திறந்திருக்கலாம்.

1972 ஏப்ரல் 5ஐப் பிடித்தேன். இத்தாலியின் சான்ரெமோ நகரச் சூதாட்ட விடுதியில் 'பாலியல் பிறழ்வு' பற்றி நிபுணர்களின் சர்வதேச மாநாடு. வாசலில் சுமார் நாற்பது பேர் எதிர்ப்பு அட்டை பிடித்து நின்றார்கள். அழைத்தது இத்தாலிய அமைப்பான 'ஃபுவோரி'. அந்தச் சொல்லுக்கு 'வெளியே' என்று பொருள். உடன் நின்றவர்கள் பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். ஃபுவோரியின் ஆஞ்செலோ பெட்ஸானா மாநாட்டுக்குள்ளேயே போய், தான் தன்பாலீர்ப்பாளன், அதில் தனக்கு மகிழ்ச்சியே என்று பேசினார். லண்டன் இயக்கத்தில் பழகித் திரும்பியிருந்த இளைஞர் மாரியோ மியேலியும் எதிர்ப்பாளர் கூட்டத்தில் இருந்தார்.

பார்சிலோனாவைத் தேடியபோது வேறு சிக்கல். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினில், தன்பாலீர்ப்பாளர்களை 'சமூக ஆபத்து' என்று வகைப்படுத்திய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மீறி, இரகசிய இதழொன்று வந்துகொண்டிருந்தது. எழுதியது பார்சிலோனாவில், வாசகருக்குப் போனது பிரான்ஸ் வழியாகத் தபாலில். வாய்நிறைய ஒற்றுமை பேசிய அறிக்கைகளைவிட இந்தத் தபால்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இதழை முன்னின்று நடத்தியவர் ஆர்மான் த ஃப்ளூவியா. அந்தப் பெயரை வைத்து அரைநாள் தேடினேன். அன்று அவர் புழங்கிய பெயர் ரொஜர் த கைமோன்.

கடைசி நாள் நகலெடுக்கப் படிவம் நிரப்பினேன். 'ஆசிரியர் பெயர்' என்று ஒரு கட்டம். உண்மைப் பெயரா, புனைபெயரா என்று கேட்டேன். பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாளில் இருப்பதை எழுதுங்கள்" என்றார்.