மச்சான் மார்ஷலான பந்தயம்

நேற்று மாலை எங்கள் ஊர்க் களத்தில் நடந்த ரிமோட் கார் பந்தயத்தில் எனக்கு நான்காம் இடம் என்று என் மச்சான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஓடியவை மொத்தமே ஐந்து கார்கள்தாம் என்பதையும், ஐந்தாவது காருக்குத் தொடக்கத்திலேயே சக்கரம் கழன்றுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல அவர் ஒரு வாசலிலும் மறக்கவில்லை. அந்த நான்காம் இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதை மட்டும் எங்கும் சொல்வதில்லை.

பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தவன் அண்ணன் மகன். வலங்கைமான் பக்கம் நாலு கார் விரட்டி ஓடும் அளவுக்குச் சிமெண்டுத் தரை வேண்டுமென்றால் ஒன்று கல்யாண மண்டபம், இல்லையென்றால் நெற்களம். சம்பா அறுவடை முடிந்துவிட்டதால் பங்குனியில் களம் சும்மாதான் கிடக்கும் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளிப்பார்கள் என்பதும், மேட்டூரை மூடி வாய்க்கால் வறண்ட பிறகும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்துக்கொண்டே அது விளைந்து, சரியாக இவன் பந்தயம் வைக்கிற நாளில் களத்துக்கு வந்து சேரும் என்பதும், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாங்கள் போனபோது களத்தின் பாதியைப் பெரியம்மாவின் உளுந்துப் போர் அடைத்திருந்தது. பேச்சுவார்த்தை நீண்டது. கிழக்குப் பாதி உளுந்துக்கு, மேற்குப் பாதி கார்களுக்கு என்று முடிவாகி, நடுவே பழைய ஹோஸ் பைப்பை எல்லையாகப் போட்டோம்.

பெரியம்மாவைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. ஏனென்றால் வழக்கம்போல மின்சாரம் போயிருந்தது. எங்கள் கார்களின் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 7.4 வோல்ட், முழுதாக ஏறினால் 8.4 வரை போகும். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 5 ஆம்பியரில் ஏற்றினாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். நல்லவேளையாக எங்கள் சார்ஜர் 12 வோல்ட் பேட்டரியிலும் வேலை செய்யக்கூடியது; உளுந்து அடிக்கப் பெரியம்மா வாடகைக்குப் பிடித்திருந்த டிராக்டரில் அந்த 12 வோல்ட் இருந்தது. அதன் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்தி, ஓட்டுபவர்கள் ஏறி நிற்கும் மேடையாகவும் வைத்துக்கொண்டோம். இப்படியாகக் களத்தின் ஒரு பாதியில் டிராக்டர் உளுந்தின்மேல் சுற்றிச் சுற்றி வர, மறுபாதியில் அதனிடம் மின்சாரம் வாங்கிய குட்டிக் கார்கள் சுற்றிச் சுற்றி வந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் டிராக்டர் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதிலாவது உளுந்து உதிர்கிறதே.

உண்மையான காரில் பத்தில் ஒரு பங்குதானே, இதை ஓட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ரிமோட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். கார் நம்மை விட்டு விலகிப் போகும்வரை இடது இடதாகவும் வலது வலதாகவும் இருக்கும். திரும்பி நம்மை நோக்கி வரத் தொடங்கியதும் இரண்டும் இடம் மாறிவிடும். அந்த நொடியில் மூளை சற்றுத் தயங்கினாலும் கார் செங்கல்லில் ஏறிக் கவிழும்.

பெரிய பந்தயங்களில் காருக்குள் டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு கருவி இருக்கும். தடத்தின் குறுக்கே பதித்த கம்பியைக் கார் கடக்கும்போதெல்லாம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரம் பதிவாகிவிடும். எங்களுக்கு அந்த வேலையைச் செய்தவர் அந்தக் காலத்தில் இதே களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்த தாத்தா. நெல் அளக்கையில் ஒன்று என்பதற்குப் பதிலாகச் சொல்வதைப் போல, முதல் சுற்றை ‘லாபம்’ என்றே தொடங்கிக் கரித்துண்டால் தரையில் கோடு கிழித்துக்கொண்டு வந்தார். அவர் கணக்கில் தவறு சொல்லும் துணிச்சல் நெல் அளந்த காலத்திலேயே யாருக்கும் இருந்ததில்லை.

இனி மச்சான். கவிழ்ந்த காரை ஓட்டுபவரே ஓடிப்போய் நிமிர்த்தக் கூடாது. முந்தைய பந்தயத்தில் ஓட்டியவர்கள் மூலைக்கு ஒருவராக நின்று நிமிர்த்தி விட வேண்டும், அவர்களுக்கு மார்ஷல் என்று பெயர். பொடியன்களின் பந்தயம் முடிந்து அவர்கள் மூலைகளில் நின்றபோது, கிழக்கு மூலைப் பையனை அவன் அம்மா டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். மகளின் நிச்சயதார்த்தத் தேதியைச் சொல்ல வீட்டுக்கு வந்து, நான் இல்லாததால் களத்துக்கே வந்துவிட்ட மச்சானை அண்ணன் மகன் அந்த இடத்தில் நிறுத்தினான். பந்தியில் மச்சான் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் வரிசையில் நாலாவது இலைக்காரரின் தாய்மாமன் வழி விசாரித்து முடிவதற்குள் கடைசி இலைக்காரர் ரசம் சாதத்துக்குப் போய்விடுவார். தெரிந்தும் நிறுத்தினார்கள்.

ஐந்து நிமிடப் பந்தயத்தில் பாதி கடக்கும்வரை நான் இரண்டாவதாக இருந்தேன். கிழக்கு மூலையில் எல்லை தாண்டிக் கிடந்த உளுந்துக் கொடி ஒன்று முன் அச்சில் சுற்றிக்கொள்ள, கார் துள்ளி மல்லாந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். காரைத் தூக்கினார். நிமிர்த்துவார் என்று பார்த்தால், குழந்தைக்கு முள் எடுப்பவரைப் போலக் குந்தி உட்கார்ந்து அச்சிலிருந்து கொடியைப் பிரிக்கத் தொடங்கினார்.

“மச்சான், காரை விடுங்க!” என்று டிரெய்லரின் மேலிருந்து கத்தினேன்.

“இருங்க மாப்பிள்ளை, நெற்று நிறைய இருக்கு, உதிர்ந்துடும்” என்றார்.

ஒவ்வொரு நெற்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் அவரைக் கடந்து மறுபடியும் மறுபடியும் வந்துகொண்டிருந்தார்கள். கடைசி நெற்றும் மடிக்குப் போன பிறகு, காரை மிகுந்த மரியாதையுடன், எதிர்த்திசை பார்க்கத் தரையில் வைத்தார். எரிச்சலில் டிரிக்கரை இழுத்துப் பிடித்திருந்த எனக்கு அதை யோசிக்க நேரமில்லை. முதலிடத்தில் வந்துகொண்டிருந்த அண்ணன் மகனின் காரில் என் கார் நேருக்கு நேர் மோத, அவன் காரின் மேல்கூடு கழன்று பறந்து மச்சானின் காலடியில் விழுந்தது. கூட்டைப் பிடித்திருக்கும் நான்கு கிளிப்புகளில் மூன்றுதான் கிடைத்தன. சின்ன விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதான வளைந்த எஃகுக் கம்பி அது.

நாலாவது உளுந்துக்குள் போயிருக்க வேண்டும் என்று யாரோ வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா டிராக்டரை நிறுத்தினார். பந்தயத்தையும் நிறுத்தினார்.

“நாளைக்கு இட்லிக்கு ஊறப்போடுற உளுந்துல அந்தக் கம்பி கிடந்தா என் கிரைண்டர் என்னத்துக்கு ஆகும்?”

அதன்பிறகு ஓட்டியவர்கள், மார்ஷல்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கொடிகளை உதறினோம்; உதிர்ந்ததை முறத்தில் அள்ளிப் புடைத்தோம். மைக்செட் கடைப் பையன் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்து உளுந்துக்குள் இழுத்துப் பார்த்ததில் ஒரு லாடத்துண்டும் இரண்டு ஆணிகளும் கிடைத்தன. இருட்டியதும் டிராக்டர் விளக்கைப் போட்டுக்கொண்டு தேடினோம். டிராக்டர்க்காரர் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து வாடகை கேட்டார். அதை நாங்களே கொடுத்தோம். மோதிய நேரத்தில் யார் எங்கே இருந்தார்களோ அதுவே முடிவு என்று தாத்தா கரிக்கோடுகளை எண்ணித் தீர்ப்புச் சொன்னார்.

கிளிப் இன்று காலை கிடைத்துவிட்டது. மச்சான் நெற்றுகளோடு அதையும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். நெற்றுகளை உரித்து, வந்த உளுந்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் காலையிலேயே பெரியம்மா வீட்டில் கொடுத்தும்விட்டாராம். அவ்வளவு நாணயமான மனிதர். கிளிப்பை வாங்கிவர அண்ணன் மகன் போனபோது, அவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு அதனால் காது குடைந்துகொண்டிருந்திருக்கிறார். “வேண்டாம் மாமா, நீங்களே வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி வந்துவிட்டான்.