மேக இடுக்கில் ஒற்றை நட்சத்திரம்

டிசம்பர் 5, மாலை

நள்ளிரவுக்குப் பின் இலங்கையின் தென்கோடியான டொண்ட்ரா முனையைக் கடந்து மலாக்கா நீரிணை நோக்கிப் போகிறோம். உத்தேச இடம் வடக்கு 6°, கிழக்கு 85°. அந்தியில் உயரம் அளந்து கப்பலின் இடத்தைச் சரிபார்க்க ஐந்து நட்சத்திரங்களைக் குறித்து வைத்திருந்தும், மேகம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. கப்பல் நேரம் 18:35-க்குத் தெற்கே சிறிது விலகிய இடுக்கில் ஒற்றை வெண்ணிற நட்சத்திரம் தெரிந்தது. அக்கம்பக்கம் எதுவும் தெரியாததால் இன்னதென்று சொல்ல வழியில்லை. இருட்டினால் தொடுவானம் மறைந்துவிடும் என்பதால், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உயரக் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட்டில் அதை இறக்கித் தொடுவானத்தைத் தொடவைத்த கணத்திலேயே, பயிற்சியிலிருக்கும் கேடட்டைக் கைரோ திசைகாட்டியில் திசை பார்க்கச் சொன்னேன். திருத்தங்கள் போக உயரம் 20° 08′, திசை 160°.

"ஃபோமல்ஹாட்தான் சார்" என்றான் கேடட். ஃபோமல்ஹாட் நட்சத்திரம் இந்நேரம் 54° உயரத்தில் அல்லவா இருக்கும்!

டிசம்பர் 5, இரவு

உயரம், திசை, உத்தேச அட்சரேகை மூன்றும் இருந்தால் வழக்கமான கணக்கைத் தலைகீழாகப் போட்டு நட்சத்திரத்தின் டிக்ளினேஷனை, அதாவது வான நடுக்கோட்டிலிருந்து அது வடக்கே அல்லது தெற்கே விலகியிருக்கும் கோணத்தைப் பெறலாம், தெற்கு 57.3° என்று வந்தது. கோள்கள் சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே நகர்வதால் இது கோளாக இருக்க முடியாது. ஆனால் மாலுமிகளின் வானப் பஞ்சாங்கமான அல்மனாக்கின் 57 நட்சத்திரங்களில் ஏக்கர்னார், பீகாக், காக்ரக்ஸ் மூன்றும் ஏறக்குறைய இதே டிக்ளினேஷனில் நிற்கின்றன. பாதிக் கணக்கோடு எழுந்துவிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். நட்சத்திரத்தின் உள்ளூர் மணிக்கோணம் (நம் தலைக்கு மேலான தென்வடல் கோட்டிலிருந்து மேற்காக அளக்கும் கோணம்) 323.5°, அதிலிருந்து, வானில் கிழக்கு மேற்குக் கணக்கு தொடங்கும் மேஷ முதற்புள்ளியின் 347.8°-ஐக் கழித்து 360° கூட்டினால், அப்புள்ளியிலிருந்து நட்சத்திரம் மேற்காக உள்ள கோணமான எஸ்.எச்.ஏ. 335.7°. காக்ரக்ஸுக்கு அது 172°, பீகாக்குக்கு 53°, ஏக்கர்னாருக்கு 335° 20′. கைரோவை முழு டிகிரியில்தான் படித்தோம் என்பதால் இந்தச் சிறு வித்தியாசம் பொருட்டல்ல.

ஆக, நாங்கள் பார்த்தது ஏக்கர்னார்தான். ஆற்றின் முடிவு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒற்றை நட்சத்திரம், கப்பல் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு நிலைக்கோட்டைத்தான் தரும். 070°–250° வாக்கில் ஓடும் அந்தக் கோடு வடக்கு தெற்கைச் சரிபார்க்க உதவுமே தவிர, எவ்வளவு கிழக்கே வந்திருக்கிறோம் என்பதற்கு இன்னும் வேகக் கணக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 6, மாலை

வானம் தெளிந்திருந்தது. தெற்கின் இடப்பக்கம் ஏக்கர்னாரும், வலப்பக்கம் ஏறத்தாழ அதே உயரத்தில் மங்கலான பீகாக்கும், இரண்டுக்கும் வெகு மேலே ஃபோமல்ஹாட்டும் தெரிந்தன. கேடட் எதையும் பெயர் சொல்லாமல் முதலில் கைரோவிடம் போய் நின்றான்.