பூப்பாறையிலிருந்து ஜியோகேச்சிங்: செலவு குறைவு, அலைச்சல் அதிகம்

ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்துவைத்து அதன் ஆள்கூறுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இணையத்தில் போடுவார்; மற்றவர்கள் ஜி.பி.எஸ். உதவியோடு அதைத் தேடிக் கண்டெடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரைப் பதிவார்கள். இந்த விளையாட்டுதான் ஜியோகேச்சிங், அந்த டப்பாவுக்குப் பெயர் கேச். இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கருவி எதுவும் வாங்காதீர்கள். தேனியில் மின்னணுப் பொருள் விற்கும் ஒருவர், கையடக்க ஜி.பி.எஸ். கருவி இல்லாமல் இதில் இறங்கவே முடியாது என்று என்னிடம் அடித்துச் சொன்னார். அவர் சொன்ன விலை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பூப்பாறையில் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் எனக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்துவைத்து அதன் ஆள்கூறுகளை இணையத்தில் எழுத, இந்த விளையாட்டு பிறந்தது. அன்றைக்குத் தனிக் கருவி தேவைப்பட்டது உண்மை. இன்று சாதாரணக் கைப்பேசியே திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டிவிடுகிறது. அதற்குமேல் கண்ணாலும் கையாலும்தான் தேட வேண்டும். எவ்வளவு விலையுள்ள கருவியும் அங்கே உதவாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாங்கிவரச் சொல்லும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். உரிய அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம்.

கைப்பேசியில் ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் காந்தத் திசையை உணரும் பாகம் இருப்பதில்லை. அது இல்லையென்றால் நின்ற இடத்தில் நீங்கள் திரும்பினாலும் அம்புக்குறி திரும்பாது. பத்து அடி நடந்தால்தான் திசை தெரியும். என் கைப்பேசியும் அப்படிப்பட்டதுதான். நேராகச் சில அடி நடந்து, தூரம் குறைகிறதா கூடுகிறதா என்று பார்த்தே போகப் பழகிவிட்டேன்.

கேச்களைப் பட்டியலிடும் geocaching.com தளத்தில் கணக்குத் தொடங்க ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால் இலவச உறுப்பினருக்கு அதிகாரப்பூர்வச் செயலியில் எளிய கேச்கள் மட்டுமே திறக்கும். மற்றவற்றைப் பார்க்கச் சந்தா கேட்கும். அதற்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை. உலாவியில் அந்த இணையதளத்தைத் திறந்தால், சந்தாதாரர்களுக்கென்றே ஒதுக்கியவை தவிர மற்றக் கேச்களின் ஆள்கூறுகளை இலவசக் கணக்கிலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்குச் சி:ஜியோ என்ற இலவசச் செயலி இருக்கிறது. வரைபடத்தையும் கேச் விவரங்களையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் வழியில் இணையம் தேவையில்லை. எல்லைப் பகுதியில் இது பெரிய உதவி. போடிமெட்டைத் தாண்டியதும் கைப்பேசி தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும் கேரளக் கோபுரத்துக்கும் மாறிமாறித் தாவி மின்கலத்தைத் தின்றுவிடும். புறப்படும்போதே ஜி.பி.எஸ்.ஸில் இடம் பிடித்துக்கொண்டு, பிறகு விமானப் பயன்முறையில் போடுங்கள். சிக்னல் இல்லாத பள்ளத்திலும் செயற்கைக்கோள் வேலை செய்யும்.

இனி வீணான பயணத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் கேச்கள் குறைவு. இருப்பவற்றில் பல, சுற்றுலா வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. மூணாறு சாலையில் அப்படி ஒன்று நல்ல நிலையில் இருப்பதாக இணையதளத்தில் அந்தக் கேச்சுக்கான பக்கம் சொன்னது. விடுப்பு எடுத்து, இரண்டு பேருந்து மாறிப் போய், கல்வெட்டாங்குழியை ஒட்டிய கட்டைச் சுவரின் ஒவ்வொரு இடுக்கிலும் கைவிட்டுப் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது, காலில் அட்டை ஏறியது, டப்பா இல்லை. அருகில் சோளம் சுட்டு விற்றவரிடம் கேட்டபோது, சுவரையே போன வருடம் இடித்துக் கட்டினார்கள் என்றும், கைப்பேசியோடு வந்து தேடிப்போனவர்களை அதற்குப் பிறகும் பார்த்திருப்பதாகவும் சொன்னார். அவர்களில் ஒருவர்கூட ‘கிடைக்கவில்லை’ என்று பதியவில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் மிஞ்சியிருக்கும். தேடிக் கிடைக்காதது அவமானம் அன்று. அதைப் பதியாமல் விடுவதுதான் அடுத்து வருபவருக்குச் செய்யும் கெடுதல். அன்று இரவே பதிந்தேன். சில வாரங்களில் அந்தக் கேச்சின் பக்கம் மூடப்பட்டது. அதனால், கேச் பக்கத்தில் இருக்கும் நிலைக்குறிப்பை நம்பாமல், கடைசியாக யார் எப்போது கண்டெடுத்தார் என்பதைப் படியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் எடுக்காத கேச்சுக்காகத் தனியாகப் பேருந்து ஏறாதீர்கள். வேறு வேலையாகப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆள்கூறுகளை வாட்ஸ்அப்பில் வாங்குவதும் ஆபத்துதான். கேச் பக்கங்களில் பாகையும் தசம நிமிடமும் இருக்கும். கைப்பேசி வரைபடங்கள் பெரும்பாலும் தசமப் பாகையைக் காட்டும். 10 பாகை 2.500 நிமிடம் என்பதை 10.02500 என்று ஒருவர் எனக்கு அனுப்பினார். நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் வர வேண்டியது 10.04167. இந்த வித்தியாசம் தரையில் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், மலைப்பாதையில் அது அரை நாள் வேலை. கிளம்புமுன் கேச் பக்கத்தோடு ஒத்துப்பார்த்ததால் தப்பினேன்.

எங்கே தேடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏலக்காய் விலை ஏறியிருக்கும் காலத்தில் பச்சைக்காய்த் திருட்டு நடக்கும். தோட்ட வேலியோரம் குனிந்து எதையோ துழாவுகிறவரைக் காவலாளி திருடன் என்று நினைப்பதில் தவறில்லை. முதலில் அவரிடம் போய், கைப்பேசியைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பிறர் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்ற விளையாட்டின் வழக்கம் இங்கே செல்லாது. ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் அதிகாலையிலும் அந்தியிலும் போகவே கூடாது. யானைகள் நடமாடும் இடம் அது. 2023-இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கொண்டுபோனது சின்னக்கானலில் இருந்துதான். காட்டுக்குள் இருக்கும் கேச்களை அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். ஒரு டப்பாவுக்காக யாரும் அங்கே ஏற வேண்டாம்.

பக்கத்தில் கேச் இல்லை என்பதால் நானே ஒன்று வைக்கத் தீர்மானித்தேன். உண்மையான அலைச்சல் அங்கேதான் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலை 85-இல் ஒரு வளைவில் பழைய மரம் ஒன்று இருக்கிறது. அதன் வேர்ப்பொந்தில் வைக்கலாம் என்று நினைத்தேன். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது விதி. பஞ்சாயத்தில் கேட்டேன், நிலம் எங்களுடையது அன்று, வில்லேஜ் ஆபீசுக்குப் போ என்றார்கள். வில்லேஜ் ஆபீசில் இருந்த எழுத்தர், என் மனுவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், மலையாளத்தில் எழுதி வா என்று தள்ளிவிட்டார். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் இருக்கும் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அதை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனபோது, எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் உள்ளே இருந்த அதிகாரி மனுவை வாங்கிப் படித்தார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அந்த முத்திரையைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிறைவு கொஞ்சமன்று.

ஆனால் காரியம் நடக்கவில்லை. ஏலமலைக் காடுகளில் நிலம் வருவாய்த் துறையிடம், மரம் வனத்துறையிடம். நான் கேட்டதோ மரத்தின் வேர்! அதிகாரி இதைப் பொறுமையாக விளக்கி, வனத்துறையைக் கேட்கச் சொன்னார். வனத்துறை அலுவலகத்தில் ஜியோகேச்சிங் என்றால் என்ன என்று விளக்கவே ஒரு காலை நேரம் போயிற்று. முடிவில், எழுத்தில் எதுவும் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அரசு நிலத்தில் வைக்க நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளுங்கள். பட்டா நிலம் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரின் வாய்ச்சொல், மூன்று அலுவலகங்களின் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எனக்கு அந்த வாய்ச்சொல்லைத் தந்தவர் சாலையோரம் டீக்கடை வைத்திருக்கும் அக்கா. “சாப்பாட்டுப் பொருள் எதுவும் வைக்காத தம்பி, குரங்கு வந்து கடையையே பிரிச்சிரும்” என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை. உணவுப் பொருள் வைக்கக்கூடாது என்பது விளையாட்டின் விதியும்கூட. கடைக்குப் பின்னால் அவருடைய சொந்தக் கல்கட்டில் ஒரு பெரிய கல் அசையும். அதன் பின்னால் இடம் கிடைத்தது.

டப்பாவுக்கு ஆனது மிகச் சொற்பம். நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும், உள்ளே ரப்பர் வளையம் உள்ள சிறு சாப்பாட்டு டப்பா போதும். வாங்கியதும் உள்ளே காகிதக் கைக்குட்டையை வைத்து மூடி, ஒரு இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் கல்லைக் கட்டி அமுக்கி வையுங்கள். காலையில் கைக்குட்டை நனைந்திருந்தால் அந்த டப்பா இங்கே ஆகாது. நான் முதலில் வாங்கியது இந்தச் சோதனையில் தோற்றது. அதே கடையில் வேறு ஒன்று மாற்றிக்கொண்டேன். பதிவுத்தாளைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள்; ஈரத்தாளில் பேனா எழுதாது. செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாமல் உள்ளே போட்டுவிடலாம். டப்பாவின் மேல், இது விளையாட்டுப் பெட்டி, அபாயமற்றது என்று தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு கேச்சை வெடிகுண்டு என்று எண்ணி, நிபுணர்களை வரவழைத்து வெடிக்கவைத்தார்கள். சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஆள்கூறுகளை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் எடுத்துச் சராசரி பார்த்தேன். மலைச்சரிவு வானத்தின் ஒரு பாதியை மறைக்கும் இடங்களில் ஒரே அளவை நம்ப முடியாது. வேறு கேச் 161 மீட்டருக்குள் இருக்கக்கூடாது என்ற விதி எங்கள் ஊரில் ஒரு தடையே இல்லை. புதுக் கேச்களைப் பார்த்து ஒப்புதல் தரும் ரிவியூவர் தன்னார்வமாக வேலை செய்கிறவர். அவர் கேட்டது இரண்டே கேள்வி. யாருடைய நிலம், யார் பராமரிப்பார்? அக்காவின் அனுமதியையும், நான் உள்ளூரிலேயே இருப்பதையும் எழுதினேன், ஒப்புதல் வந்துவிட்டது. முதலில் கண்டெடுத்தவர்கள் கொச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம். டீ குடித்துவிட்டுக் குழந்தையைக் கொண்டே எடுக்கவைத்தார்கள் என்று அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

வைத்ததோடு வேலை முடிவதில்லை. ஜூனில் மழை பிடிக்குமுன் ரப்பர் வளையத்தைத் துடைத்து, தாளை மாற்றிவிடுங்கள். யாராவது பழுது என்று குறிப்பிட்டால் உடனே போய்ப் பார்த்துக் கேச் பக்கத்தில் பதில் எழுதுங்கள். பதில் இல்லாமல் நாள் கடந்தால் ரிவியூவர் முதலில் பக்கத்தை நிறுத்தி வைப்பார், அப்போதும் அசையாவிட்டால் நிரந்தரமாக மூடிவிடுவார். மறுபடி திறக்க முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும்.